கோல்ஃப் மைதானத்தில் யாரும் 'கோட்டா' என்று சொல்வதில்லை

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. காலை நேரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நின்றால், கல்லூரிப் பேருந்துகள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். அதில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் நம் சேரிகளிலிருந்தும் காலனிகளிலிருந்தும் போகிறவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர், குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

அந்தப் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே கேட்க நேரும் கேள்வி ஒன்று உண்டு. "நீ மெரிட்டா, கோட்டாவா?" சிலர் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். சிலர் கட்-ஆஃப் எவ்வளவு என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். கேட்டவர் மறந்துவிடுவார். கேட்கப்பட்ட பிள்ளை நான்கு வருடமும் மறக்காது. வகுப்பில் சந்தேகம் கேட்கக் கை தூக்கத் தயங்கும். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொடுக்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும். தனக்கு உரியதை வாங்குவதற்கே கூச்சப்படும்.

இந்தக் கேள்விக்கான பதில் அம்பேத்கரிடம் இருக்கிறது, பெரியாரிடம் இருக்கிறது, அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. இந்தப் பத்தியில் அவற்றைப் பலமுறை பேசியாயிற்று. இன்று நாம் யாரும் எதிர்பார்க்காத ஓர் இடத்திலிருந்து பதில் எடுக்கலாம். அந்த இடம் கோல்ஃப் கிளப்.

நம்மில் பெரும்பாலோர் கோல்ஃப் மைதானத்தின் மதிலைத் தாண்டியதில்லை. சென்னையில் நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மைதானம் இருக்கிறது. கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் ஜிம்கானா கிளப்பின் மைதானம் பல தலைமுறைகளாக இருந்து வந்தது. ஆட்டம் எளிமையானது. மொத்தம் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொன்றும் நாலேகால் அங்குல அகலம். நூற்றுக்கணக்கான அடி தூரத்திலிருந்து சின்னப் பந்தை மட்டையால் அடித்து அடித்துக் கொண்டுபோய்க் குழிக்குள் போட வேண்டும். குறைவான அடிகளில் முடிப்பவரே கெட்டிக்காரர். தேர்ந்த ஆட்டக்காரர் பதினெட்டுக் குழியையும் 72 அடிகளில் முடிப்பார் என்பது பொதுவான கணக்கு.

கோல்ஃப் கிளப்புகளில் மாதம் ஒருமுறை போட்டி நாள் வைப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். தொழிலதிபர், ஓய்வுபெற்ற அதிகாரி, மருத்துவர், வழக்கறிஞர் என்று உறுப்பினர்கள் விடியற்காலையிலேயே வந்துவிடுவார்கள். ஆடி முடித்து, மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முடிவுக்குக் காத்திருப்பார்கள். நாம் கவனிக்க வேண்டியது அந்த முடிவை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை.

ஒருவர் முப்பது வருடமாக ஆடுகிறவர். அவர் 80 அடிகளில் முடிக்கிறார். இன்னொருவர் இரண்டு வருடம் முன்புதான் மட்டையைத் தொட்டவர். அவர் 97 அடிகளில் முடிக்கிறார். நேர்க்கணக்கு பார்த்தால் முதலாமவர்தான் வென்றார், அதுவும் 17 அடி வித்தியாசத்தில். ஆனால் பரிசு இரண்டாமவருக்குப் போகலாம். ஏனென்றால் முதலாமவருக்குச் சலுகை அடிகள் 6. இரண்டாமவருக்கு 26. எண்பதிலிருந்து ஆறு போனால் 74. தொண்ணூற்றேழிலிருந்து இருபத்தாறு போனால் 71. எழுபத்தொன்றுதான் வெற்றி. முதலாமவர் எழுந்துவந்து கைகுலுக்கி வாழ்த்துவார். "நீ சலுகையில் ஜெயித்தவன்" என்று அந்த மேசையில் யாரும் சொல்வதில்லை.

இந்தச் சலுகைக்கு கோல்ஃபில் ஹேண்டிகேப் என்று பெயர். உடல் குறைபாட்டைக் குறிக்க ஒருகாலத்தில் நாம் பயன்படுத்திய சொல்லும் இதுதான். இங்கே பொருள் வேறு: ஆட்டம் தொடங்குமுன் சமனாக்குவதற்காகத் தரப்படும் கணக்கு.

இதை ஏதோ கருணையாகச் செய்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2020 முதல் உலகம் முழுமைக்கும் ஒரே ஹேண்டிகேப் முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒருவர் கடைசியாக ஆடிய 20 ஆட்டங்களின் அட்டைகளை எடுத்து, அதில் சிறந்த எட்டின் சராசரியைக் கொண்டு அவருக்கு உரியதைக் கணக்கிடுகிறார்கள். அதிகபட்சம் 54 வரை தரலாம். ஆள் முன்னேற முன்னேறச் சலுகை குறையும். தடுமாறினால் கூடும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஆளை மட்டும் அளப்பதில்லை, நிலத்தையும் அளக்கிறார்கள். ஒரு மைதானத்தில் மணல் பள்ளமும் குளமும் அதிகம் இருக்கும். இன்னொன்று சமதளமாக இருக்கும். ஒவ்வொரு மைதானமும் சாதாரண ஆட்டக்காரரை எவ்வளவு திணறடிக்கும் என்பதற்கு ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். நடுத்தரமான மைதானத்துக்கு 113. மிகக் கடினமானதற்கு 155. கடினமான மைதானத்தில் ஆடப் போகும் சாதாரண ஆட்டக்காரருக்குச் சலுகை அடிகள் கூடும். ஆரம்பக் கோடும் எல்லோருக்கும் ஒன்றல்ல. மூத்தவர்களும் புதியவர்களும் முன்னால் இருக்கும் கோட்டிலிருந்து தொடங்கலாம்.

ஆக, உலகத்தின் வசதி படைத்த மனிதர்கள் தங்கள் ஓய்வு நேரத்துக்காக வைத்திருக்கும் ஆட்டத்தின் அடிப்படை விதி இதுதான்: எல்லோரும் ஒரே நிலையிலிருந்து தொடங்கவில்லை, எனவே வெறும் எண்ணை வைத்துத் தகுதியை முடிவு செய்வது நியாயமாகாது. நாம் நூறு வருடமாகச் சொல்லிவருவதும் இதைத்தான்.

மறுப்பு வரும் என்று தெரியும். வரிசையாகவே பார்ப்போம்.

முதல் மறுப்பு: ஹேண்டிகேப் ஒருவருடைய திறமையை அளந்து தருவது, இட ஒதுக்கீடு சாதியைப் பார்த்துத் தருவது, இரண்டும் ஒன்றா? ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறோம். கோல்ஃபில் ஒருவர் ஏன் பின்தங்கினார் என்று கேட்பதில்லை. அவர் சோம்பேறியாக இருந்தாலும் சலுகை உண்டு. இட ஒதுக்கீடு அப்படி இல்லை. பள்ளிக்கூடம், கிணறு, தெரு, நிலம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டத்தைப் பிறப்பைக் காரணமாகக் காட்டித் தடுத்து வைத்த வரலாறு இருப்பதால்தான் அது வந்தது. பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு உரிமை வேண்டும் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-ல். தெருவில் நடப்பதற்கே தீர்மானம் தேவைப்பட்ட நாட்டில், தடுத்தது சாதியைப் பார்த்துத்தான். சரிசெய்வதும் சாதியைப் பார்த்துத்தானே முடியும்? சொல்லப்போனால், காரணமே கேட்காத ஹேண்டிகேப்பைவிட, காரணத்தோடு வரும் இட ஒதுக்கீட்டுக்குத்தான் நியாயம் அதிகம்.

இரண்டாவது மறுப்பு: பெரிய சாம்பியன் பட்டப் போட்டிகளில் ஹேண்டிகேப் கிடையாதே? உண்மை, கிடையாது. இட ஒதுக்கீடும் அப்படித்தான் வேலை செய்கிறது. அது தருவது உள்ளே நுழைய ஓர் இடம். உள்ளே போன பிறகு, பொறியியல் கல்லூரியில் செமஸ்டர் தேர்வின் தேர்ச்சி மதிப்பெண் எல்லோருக்கும் ஒன்றுதான். அரியர் வைத்தால் எல்லோரும்தான் திரும்ப எழுத வேண்டும். பட்டச் சான்றிதழில் 'சலுகையில் தேர்ச்சி' என்று எங்கும் அச்சடிப்பதில்லை.

மூன்றாவது மறுப்பு: எத்தனை காலத்துக்கு? கோல்ஃபில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வித்தியாசம் இருக்கும்வரை சலுகை இருக்கும். வித்தியாசம் குறைந்தால் அட்டையே காட்டிவிடும். நம் அட்டை என்ன காட்டுகிறது? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டைக் களைய வழி சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான்.

அந்த மாணவன் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுந்து படித்து, அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600-க்கு 469 எடுத்தான். இப்போது சொல்லுங்கள், அந்த 469-ஐயும், தனி அறையில் டியூஷன் வாத்தியார் வந்து சொல்லிக் கொடுத்துப் படித்த பிள்ளையின் 469-ஐயும் ஒரே எண்ணாகப் பார்ப்பதுதான் மெரிட்டா? மணல் பள்ளத்துக்கு எண் கொடுத்து வைத்திருக்கும் கிளப்காரர்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நான்காவது மறுப்பு: ஏமாற்றுகிறார்களே? கோல்ஃபிலும் ஏமாற்றுகிறார்கள். வேண்டுமென்றே மோசமாக ஆடி அட்டை சேர்த்து, சலுகையைக் கூட்டிக்கொண்டு, போட்டி நாளில் வெளுத்து வாங்குகிறவர்கள் உண்டு. அதற்காக ஹேண்டிகேப்பையே ஒழித்துவிடுவதில்லை. அதைக் கண்காணிக்கக் குழு வைத்திருக்கிறார்கள். பொய்ச் சாதிச் சான்றிதழைக் கண்டுபிடிக்கவும் அரசு சரிபார்ப்புக் குழுக்கள் வைத்திருக்கிறது. அவை ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்று நம்மைவிட உரக்கக் கேட்கிறவர்கள் யாரும் இல்லை. பொய்ச் சான்றிதழால் பறிபோவது நம் பிள்ளையின் இடம்.

இவ்வளவு நியாயமான கணக்கு கிளப்புக்கு உள்ளே இருக்கிறது. ஆனால் அது உள்ளே வந்தவர்களுக்கு மட்டும். வாசலில் அந்த நியாயம் கிடையாது. இதற்கு உலகறிந்த சாட்சி ஒருவர் உண்டு.

பாப்வா செவ்கோலம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த இந்திய வம்சாவளி மனிதர். 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய நம் நாட்டு மக்களின் வழிவந்த சமூகம் அது. சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களில் நம் சேரி மக்களும் ஏராளம். பாப்வா வெள்ளைக்காரர்களின் கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பை தூக்கும் வேலை செய்தார். அந்த வேலையைச் செய்கிறவரை 'கேடி' என்பார்கள். நம் ஊர் போலீஸ் ஸ்டேஷன் கேடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பை தூக்கியபடியே பார்த்துப் பழகியவர் அவர். யாரும் சொல்லித்தராததால் மட்டையையே எல்லோருக்கும் நேர்மாறாகப் பிடிப்பார்: வலது கை மேலே, இடது கை கீழே.

அந்தப் பிடியோடு ஐரோப்பாவுக்குப் போய் 1959-ல் டச்சு ஓபன் பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டும் வென்றார். சொந்த நாட்டிலோ நிறவெறிச் சட்டம். ஆடவே போராட வேண்டியிருந்தது. 1963-ல் டர்பனில் நடந்த நேட்டால் ஓபனில் வெள்ளை வீரர்களை முந்தி முதலிடம் பிடித்தார். பரிசளிப்பு கிளப் கட்டடத்துக்குள். இந்தியர் அந்தக் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது. வெளியே மழை. வென்றவருக்குக் கோப்பையை வெளியே, அந்த மழையில் வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் புகைப்படம் உலகமெங்கும் போயிற்று. 1965-ல் அதே போட்டியில், உலகப் புகழ்பெற்ற கேரி பிளேயரையும் தோற்கடித்தார். அதற்குப் பிறகு வெள்ளையர் போட்டிகளில் ஆடவே அவருக்குத் தடை போட்டார்கள். 1978-ல் வறுமையில் இறந்தார்.

பாப்வா யாரிடமும் சலுகை அடி கேட்கவில்லை. நேர்க்கணக்கிலேயே வென்றார். அப்படியும் கதவு திறக்கவில்லை. "மெரிட் இருந்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். மெரிட் இருந்தது. மழையில் நின்றது.

அது அயல்நாடு, நம் நாட்டில் அப்படியா என்று கேட்பீர்கள். புனேயில் ஐரோப்பியர் கிளப்பில் ஆடுகளத்தைச் சீர்செய்யும் வேலையில் இருந்தவர் பல்வங்கர் பாலு, தலித். வெள்ளைக்காரர்களுக்குப் பந்து வீசிப் பழகியே நாட்டின் தலைசிறந்த பந்துவீச்சாளர்களில் ஒருவரானார். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அதற்கு முன் புனேயில் அவருடைய சொந்த அணியினரே தேநீர் இடைவேளையில் அவரை வெளியே தனியாக நிற்க வைத்து, தூக்கியெறியும் மண் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். நம் ஊர் டீக்கடைகளின் இரட்டைக் குவளைக்கு கிரிக்கெட் மைதானத்திலும் அண்ணன் தம்பி இருந்திருக்கிறது.

அண்மைக் காலத்துக்கும் வருவோம். 2014-ல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விடவில்லை. அதன் பிறகு, வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று தமிழ்நாடு அரசு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நீதிபதிக்கு இந்த நிலை என்றால், பை தூக்குகிறவருக்கும் புல் வெட்டுகிறவருக்கும் எந்த வாசல் என்று சொல்லத் தேவையில்லை. கிளப்பில் உறுப்பினராவதற்குத் தேர்வு கிடையாது, கட்-ஆஃப் கிடையாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். பல கிளப்புகளில் உறுப்பினரின் பிள்ளைக்கு முன்னுரிமை உண்டு. இதை யாரும் கோட்டா என்று சொல்வதில்லை.

நிலத்தையும் பார்ப்போம். கிண்டி பந்தயத் திடல் சுமார் 160 ஏக்கர் அரசு நிலம். 1946-ல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். வாடகை ஆண்டுக்குச் சுமார் 614 ரூபாய். மாதத்துக்கல்ல, ஆண்டுக்கு. அம்பத்தூரில் ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளி ஒரு மாதத்துக்குக் கொடுக்கும் வாடகை அதைப்போலப் பல மடங்கு. பாக்கி வாடகை விவகாரம் நீதிமன்றம் போய், 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையகப்படுத்தியது. அதை எதிர்த்தும் வழக்கு போட்டார்கள்.

நம் பக்கத்துக் கதை வேறு. 1891-ல் செங்கற்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் நம் மக்களின் நிலையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். பூந்தமல்லியும் அம்பத்தூரும் அன்றைய செங்கற்பட்டு மாவட்டம்தான். அதன் விளைவாக 1892 முதல் மாகாணம் முழுவதும் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் வழங்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டே கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று கேட்டால், நம் பெரியவர்கள் சர்வே எண்ணோடு சொல்வார்கள். சட்டப்படி நமக்கென்று ஒதுக்கியது நம் கையில் நிற்கவில்லை. 614 ரூபாய்க் குத்தகை மட்டும் எழுபது வருடத்துக்கு மேல் நின்றது. இந்த நாட்டில் சலுகையில் வாழ்ந்தவர்கள் யார் என்று இனி யாராவது கேட்டால், இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

நாம் கோல்ஃபைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த ஆட்டத்தின் கணக்கு நல்ல கணக்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் ஒருநாள் அந்தப் புல்தரையில் ஆட வேண்டும் என்பதுதான் நம் விருப்பம். நாம் கேட்பதெல்லாம், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஒப்புக்கொள்ளும் நியாயத்தைத் திங்கட்கிழமை அலுவலகத்திலும் கல்லூரியிலும் ஒப்புக்கொள்ளுங்கள் என்பதுதான்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு இடம் இருக்கிறது. அது யாருடைய தட்டிலிருந்தும் எடுத்ததல்ல. மீதமுள்ள 31 விழுக்காடு திறந்த போட்டியும் எல்லோருக்கும் பொது. நீங்களும் அதில் வரலாம், வருகிறீர்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, ஆதிதிராவிடர் நல விடுதி என்று எதையும் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். கடைசித் தேதிக்கு முன் விண்ணப்பியுங்கள். விவரம் தெரியாத ஜூனியருக்குச் சொல்லிக்கொடுங்கள். பொது இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், அதற்கு 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை யாராவது "மெரிட்டா, கோட்டாவா?" என்று கேட்டால் கோபப்பட வேண்டாம், தலைகுனியவும் வேண்டாம். "உங்களுக்குக் கோல்ஃப் தெரியுமா?" என்று கேளுங்கள். தெரியாது என்றால், உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.